பதினைந்தும் பதினேழும் இடம் மாறியபோது

1957இல் லைஃப் ஹில்லெஸ்டாட் என்ற நார்வே மருத்துவர் மூன்று நோயாளிகளைப் பற்றி ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். மூவருக்கும் கடும் லுக்கேமியா. ஆனால் மருத்துவர்கள் அதுவரை பார்த்துப் பழகிய லுக்கேமியாவின் போக்கு இதில் இல்லை. நோய் வெளிப்பட்ட சில வாரங்களிலேயே உயிர் போனது. ரத்தம் உறையும் தன்மையை இழந்து உடலுக்குள் கசிந்தது. எலும்பு மஜ்ஜையில் புரோமைலோசைட் எனப்படும் பாதி வளர்ந்த வெள்ளணுக்கள் குவிந்து கிடந்தன. கடும் லுக்கேமியாக்களிலேயே மிகக் கொடியது இதுதான் என்று ஹில்லெஸ்டாட் கணித்தார்.

இன்று பெரியவர்களுக்கு வரும் கடும் லுக்கேமியாக்களில் குணமாகும் வாய்ப்பு மிக அதிகமுள்ள வகை அதே புரோமைலோசைட்டிக் லுக்கேமியாதான். மிகக் கொடியது என்ற இடத்திலிருந்து இந்த இடத்துக்கு அது வந்து சேர்ந்த வழி குரோமோசோம்களின் வழியாகப் போகிறது. கடும் லுக்கேமியாவில் குரோமோசோம் கோளாறுகளை ஏன் தேடவேண்டும் என்று கேட்பவருக்கு இந்த ஒரு நோயின் வரலாற்றை முழுதாகச் சொல்வதே சரியான பதில் என்று நான் நினைக்கிறேன்.

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பதே 1956இல்தான் உறுதியானது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் வேலை செய்த ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் அதை எண்ணிக் காட்டினார்கள். அதுவரை பாடநூல்களில் 48 என்று இருந்தது. குரோமோசோம் குழப்பத்தால் புற்றுநோய் வரலாம் என்று ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் போவேரி 1914இலேயே எழுதியிருந்தார். எண்ணிக்கையே சரியாகத் தெரியாத காலத்தில் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

1960இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் நாள்பட்ட மைலாய்ட் லுக்கேமியா நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டார்கள். நகரின் பெயரே அதற்கு நிலைத்தது. ஒரு புற்றுநோயுடன் மாறாமல் சேர்ந்துவரும் குரோமோசோம் கோளாறு என்று முதலில் அறியப்பட்டது இதுதான். ஆனாலும் அடுத்த பத்தாண்டுகளில் பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லை. மற்ற புற்றுநோய்களில் குரோமோசோம்கள் தாறுமாறாகத் தெரிந்தன. அந்தச் சேதம் நோயின் விளைவாக வருவது, அதில் காரணத்தைத் தேடிப் பயனில்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் எண்ணமாக இருந்தது.

அந்த எண்ணத்தை மாற்றியவர் சிகாகோவின் ஜேனட் ரவுலி. நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, பல ஆண்டுகள் பகுதிநேரமாக மட்டுமே ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்தவர். குரோமோசோம்களுக்குச் சாயமேற்றிப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்க்கும் முறை 1970ஐ ஒட்டி வந்தது. அதற்கு முன்னால் நீளத்தையும் வடிவத்தையும் வைத்துக் குத்துமதிப்பாகவே குரோமோசோம்களை அடையாளம் காண முடிந்தது. பட்டைகள் வந்தபின் எந்தத் துண்டு எங்கே போயிருக்கிறது என்று சொல்ல முடிந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அந்த முறையைக் கற்றுத் திரும்பிய ரவுலி, புகைப்படங்களிலிருந்து குரோமோசோம்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்ப்பாராம். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1972இல் கடும் மைலாய்ட் லுக்கேமியா நோயாளிகளிடம் 8ஆம் குரோமோசோமும் 21ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதை அவர் கண்டார். அடுத்து, ஃபிலடெல்பியா குரோமோசோம் சிறுத்துப்போனதற்கு ஒரு துண்டு தொலைந்தது காரணமில்லை, 22இலிருந்து உடைந்த அந்தத் துண்டு 9இல் போய் ஒட்டியிருக்கிறது என்று 1973இல் நிறுவினார். 1977இல் புரோமைலோசைட்டிக் லுக்கேமியாவின் முறை வந்தது. அதில் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் இடம் மாறியிருந்தன. வேறெந்த லுக்கேமியாவிலும் இந்த மாற்றம் இல்லை. இந்த நோய் இருந்த இடங்களில் எல்லாம் அது இருந்தது. ஒரே இடத்தில் உடைந்து ஒரே இடத்தில் ஒட்டும் ஒரு மாற்றம் நோயாளிக்கு நோயாளி திரும்பத் திரும்ப வருமானால் அதை எப்படித் தற்செயல் என்று ஒதுக்க முடியும்? ரவுலி முன்வைத்த வாதம் இவ்வளவுதான். கருவிகளைவிட இந்தப் பிடிவாதமான கேள்விக்கே அதிக மதிப்பு தருவேன்.

உடைந்த துண்டு ஒட்டும்போது என்ன நடக்கிறது? ஒரு வாக்கியத்தின் முன்பாதியையும் வேறொரு வாக்கியத்தின் பின்பாதியையும் சேர்த்துப் படித்தால் இரண்டிலும் இல்லாத புதுப்பொருள் ஒன்று வருமல்லவா, அதுபோல இரண்டு மரபணுக்களின் பாதிகள் சேர்ந்து உடலில் இதுவரை இல்லாத ஒரு புரதம் உருவாகிறது. 17ஆம் குரோமோசோமில் உடைந்த மரபணு, வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் ரெட்டினாயிக் அமிலத்தின் சமிக்ஞையை வாங்கும் ஏற்பியை உண்டாக்குவது. வெள்ளணு முதிர்வதற்கு அந்தச் சமிக்ஞை உதவுகிறது. 15ஆம் குரோமோசோமில் உள்ள பி.எம்.எல். என்ற மரபணுவின் துண்டு அதனோடு ஒட்டிக்கொண்டதும் ஏற்பி செவிடாகிவிடுகிறது. உடலில் வழக்கமாக உள்ள அளவு ரெட்டினாயிக் அமிலம் அதை அசைப்பதில்லை. அணு முதிராமல் புரோமைலோசைட் நிலையிலேயே நின்று பெருகுகிறது. அந்த அணுக்களிலிருந்து வெளிப்படும் பொருள்கள் ரத்தம் உறையும் ஒழுங்கைக் குலைக்கின்றன. ஹில்லெஸ்டாட் கண்ட ரத்தக்கசிவு இதனால் வந்ததுதான்.

இந்த விளக்கம் 1990ஐ ஒட்டித்தான் கிடைத்தது. மருந்து அதற்கு முன்பே வந்துவிட்டது. ஷாங்காயின் ருய்ஜின் மருத்துவமனையில் வாங் ஸென்-யி என்ற மருத்துவர், புற்றணுவைக் கொல்வதற்குப் பதிலாக முதிரச் செய்ய முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தார். ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம், சுருக்கமாக ஆட்ரா, ஆய்வுக்கூடத்தில் புரோமைலோசைட்டுகளை முதிரச் செய்தது. 1985இல், கீமோதெரபி கைகொடுக்காத ஐந்து வயதுச் சிறுமிக்கு அதைக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். 1988இல் அவருடைய குழு 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. 24 பேரிடமும் நோய் முழுமையாக அடங்கியிருந்தது. ரெட்டினாயிக் அமில ஏற்பியின் மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பது தெரியவந்ததும், அந்த மருந்து இந்த ஒரு லுக்கேமியாவில் மட்டும் ஏன் இப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கும் ரவுலியின் 1977ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்கும் ஒரே விடை கிடைத்தது. மருந்தளவு ரெட்டினாயிக் அமிலம், செவிடான ஏற்பியையும் விடுவித்துவிடுகிறது.

இரண்டாவது மருந்து ஆர்சனிக். சீனாவின் வடகிழக்கில் உள்ள ஹார்பின் நகரில் 1970களில் ஜாங் டிங்டோங்கின் குழு ஒரு நாட்டு மருந்துக் கலவையை ஆராய்ந்தது. அதில் ஆர்சனிக், பாதரசம், தேரை நஞ்சு மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்ததில் வேலை செய்வது ஆர்சனிக் டிரைஆக்சைடு என்று தெரிந்தது. அது பி.எம்.எல். பாதியைப் பற்றிக்கொண்டு, ஒட்டுப்புரதத்தையே சிதைக்கிறது என்பது பின்னால் விளங்கியது. ஒட்டிய புரதத்தின் ஒரு பாதிக்கு ஆட்ரா, மறு பாதிக்கு ஆர்சனிக். இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ லோ-கோகோ தலைமையில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், நோயின் தீவிரம் மிகாத நோயாளிகளுக்கு இந்த இரண்டு மருந்துகளை மட்டுமே, வழக்கமான கீமோதெரபி இல்லாமல், கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமலும் வேறு பாதகம் நேராமலும் இருந்தார்கள். ஆட்ராவோடு கீமோதெரபி பெற்றவர்களில் அது 86 சதவீதம்.

சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்று வழங்குவதும் ஆர்சனிக் சேர்மம்தான். அதனால் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாகவேண்டும். மருத்துவமனையில் சிரை வழியாக அளந்து செலுத்தப்படும் ஆர்சனிக், இதயத்தின் மின்னோட்டத்தை தொடர்ந்து கவனித்துக்கொண்டு தரப்படுகிறது. 15-17 இடமாற்றம் உறுதியான நோயாளிக்கே அது மருந்து. மற்ற லுக்கேமியாக்களுக்கு அந்த மருந்து இந்தப் பலனைத் தருவதில்லை. வெளியே வாங்கி உட்கொண்டால் எல்லோருக்குமே அது நஞ்சு.

இந்த வரலாற்றில் வேலூருக்கு ஒரு தனி இடம் உண்டு. உலகம் ஆட்ராவையும் கீமோதெரபியையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தச் செலவைத் தாங்க முடியாத நோயாளிகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ரத்தவியல் துறைக்கு இருந்தது. 1998 முதல் அங்கே ஆர்சனிக் டிரைஆக்சைடை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விக்ரம் மேத்யூஸும் அவருடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட கட்டுரையில் 72 நோயாளிகளின் கணக்கு உள்ளது. அவர்களில் 86 சதவீதம் பேரிடம் நோய் முழுமையாக அடங்கியது. 2010இல் வந்த தொடர் கட்டுரையின்படி ஐந்தாண்டு உயிர்வாழ்வு 74 சதவீதம். பணக்கார நாடுகளின் இரட்டை மருந்து முடிவுகளோடு ஒப்பிட்டால் இது சற்றுக் குறைவு. ஆனால் வேறு வழியே இல்லாதவர்களுக்குக் கிடைத்த பலன் இது என்பதை வைத்துத்தான் அளக்கவேண்டும். கீமோதெரபி இல்லாமலும் இந்த நோயை நீண்ட காலத்துக்கு அடக்க முடியும் என்பதற்கு முன்னோடிச் சான்றுகளில் இது ஒன்று. நம் மாநிலத்தில் நடந்த இந்த வேலை நம் வாசகர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த நோயில் மரணங்கள் நேர்கின்றன. பெரும்பாலும் முதல் மாதத்தில், ரத்தக்கசிவால். ஸ்வீடனில் 1997 முதல் 2006 வரை இந்த நோய் கண்டறியப்பட்ட எல்லாரையும் கணக்கிட்டபோது 29 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். ஆய்வுகளில் சேர்க்கப்படும் நோயாளிகளிடம் இவ்வளவு இறப்பு இல்லை. ஆய்வில் சேரும்வரை உயிரோடு இருப்பவர்கள்தானே அந்தக் கணக்கில் வருகிறார்கள்! அதனால்தான் இன்றைய விதி கண்டிப்பானது. நுண்ணோக்கியில் புரோமைலோசைட்டுகளைப் பார்த்துச் சந்தேகம் எழுந்த அன்றே ஆட்ராவைத் தொடங்கவேண்டும், தட்டணுக்களையும் உறைபொருள்களையும் ஏற்றவேண்டும், குரோமோசோம் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. முடிவு வேறாக வந்தால் மருந்தை நிறுத்திக்கொள்ளலாம். பிரேசில், மெக்சிகோ, சிலி, உருகுவே நாடுகளின் மருத்துவர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து இதைப் பழக்கமாக்கியபோது தொடக்கக்கால மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அங்கே புதிய மருந்து எதுவும் சேரவில்லை. இருந்த மருந்து நேரத்துக்குக் கிடைத்தது.

மற்ற கடும் லுக்கேமியாக்களுக்கு இவ்வளவு நேர்த்தியான கதை அமையவில்லை. ஆனால் அங்கும் நோயின் போக்கைக் குரோமோசோம்தான் முதலில் சொல்கிறது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில் கடும் மைலாய்ட் லுக்கேமியா உள்ள 1612 பேரை டேவிட் கிரிம்வேடும் சகாக்களும் குரோமோசோம் அடிப்படையில் மூன்றாகப் பிரித்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். 15-17, 8-21 இடமாற்றங்களும் 16ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்புவதும் சாதகமானவை. இந்தக் குழுவில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 65 சதவீதம். நடுத்தரக் குழுவில் 41. 7ஆம் குரோமோசோமில் ஒன்று முழுதாகத் தொலைந்தவர்கள், 5ஆம் குரோமோசோம் சேதமானவர்கள், பல கோளாறுகள் ஒன்றாகக் குவிந்தவர்கள் அடங்கிய பாதகக் குழுவில் 14 சதவீதம்தான். நுண்ணோக்கியில் அணுக்கள் ஒன்றுபோலவே தெரிந்தாலும் ஒருவருக்குக் கீமோதெரபியே போதும், மற்றவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைப் பற்றி உடனே பேசவேண்டும். குரோமோசோம் அறிக்கை இல்லாமல் அந்தப் பேச்சைத் தொடங்கவே முடியாது.

கடும் மைலாய்ட் லுக்கேமியா நோயாளிகளில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் பேருக்குக் குரோமோசோம்கள் பார்வைக்கு முற்றிலும் சரியாகவே இருக்கும். அவர்களிடம் கோளாறு இன்னும் நுட்பமாக, தனித்தனி மரபணுக்களில் இருக்கிறது. அதற்கு வேறு பரிசோதனைகள் உண்டு. ‘குரோமோசோம் நார்மல்’ என்ற அறிக்கையைக் கண்டு நிம்மதியடைவதும், நோய் இல்லையோ என்று சந்தேகிப்பதும் இரண்டுமே தவறு.

குழந்தைகளின் கடும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியாவில் சில நேரம் குரோமோசோம்கள் கூடுவதே நல்ல அறிகுறி. 46க்குப் பதிலாக 51 முதல் 65 வரை உள்ள அணுக்கள் மருந்துக்கு நன்றாக மடங்குகின்றன. 44க்குக் கீழே குறைந்தால் நிலைமை கடினம். ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகளுக்கு வரும் லுக்கேமியாவில் பெரும்பாலும் 11ஆம் குரோமோசோமின் ஓர் இடம் உடைந்திருக்கும். அது இன்னமும் மருத்துவர்களைத் திணறடிக்கிறது.

ஃபிலடெல்பியா குரோமோசோம் நாள்பட்ட லுக்கேமியாவில் முதலில் தெரிந்தாலும், பெரியவர்களின் கடும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியாவிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் அது உண்டு. குழந்தைகளில் குறைவு, நூற்றில் மூன்று முதல் ஐந்து. முன்பு இந்த அறிக்கை வந்தால் மருத்துவர் குடும்பத்தாரை நேராகப் பார்த்துப் பேசத் தயங்குவார். 9-22 இடமாற்றத்தால் பிறக்கும் புரதத்தை முடக்கும் இமாடினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தீவிரக் கீமோதெரபியோடு அதைச் சேர்த்துக் கொடுத்த ஓர் அமெரிக்கக் குழந்தைகள் ஆய்வில் மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பாதோர் 80 சதவீதம். அதற்கு முந்தைய காலத்தில் அது 35 சதவீதமாக இருந்தது. அந்த மாத்திரையின் காப்புரிமை வழக்கு சென்னையில்தான் தொடங்கியது. நோவார்டிஸ் நிறுவனத்தின் விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. சட்டப்பிரிவையே எதிர்த்த மனுவை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. இந்திய நிறுவனங்கள் அதைப் பல மடங்கு குறைந்த விலையில் தயாரித்துக்கொண்டே இருக்க முடிந்தது இதனால்தான். குரோமோசோம் அறிவு நோயாளியின் கைக்கு மருந்தாக வந்து சேர நீதிமன்றமும் வேண்டியிருந்தது.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “எங்க குடும்பத்துல யாருக்கும் இந்த வியாதி இல்லையே, குரோமோசோம் கோளாறுன்னா பரம்பரையா? இவன் தங்கச்சிக்கும் வருமா?” குரோமோசோம் என்றதுமே பரம்பரை என்று மனம் போவது இயல்பு. லுக்கேமியாவில் காணும் இந்த இடமாற்றங்கள் நோயுற்ற ரத்த அணுக்களில் மட்டும் இருப்பவை. பெற்றோரிடமிருந்து வந்தவையும் அல்ல, பிள்ளைகளுக்குப் போகக்கூடியவையும் அல்ல. சில குழந்தைகளிடம் முதல் இடமாற்றம் கருவிலேயே நேர்ந்துவிடுகிறது என்பதை மெல் கிரீவ்ஸின் லண்டன் குழு, பிறந்தவுடன் குதிகாலில் எடுத்து அட்டையில் சேமித்த ரத்தத்துளிகளில் கண்டறிந்தது. கருவில் நேர்ந்தது என்பதால் தாய் செய்த தவறு என்று ஆகிவிடாது. அணு பிரியும்போது ஏற்படும் பிழை அது. அந்தப் பிழை உள்ள குழந்தைகளில் மிகச் சிலருக்கே பின்னால் நோய் வருகிறது. விதிவிலக்குகள் உண்டு. 21ஆம் குரோமோசோம் மூன்றாக அமைந்த டவுன் நோய்க்குறிக் குழந்தைகளுக்கு லுக்கேமியா வரும் வாய்ப்பு அதிகம். அரிதாகச் சில குடும்பங்களில் பரம்பரைச் சாய்வு காணப்படுகிறது. வேறொரு புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்துகளே ஆண்டுகள் கழித்து 5, 7, 11ஆம் குரோமோசோம்களைச் சேதப்படுத்தி லுக்கேமியாவை உண்டாக்குவதும் உண்டு. பெரும்பாலான குடும்பங்களுக்குச் சொல்லவேண்டியது, இது யாருடைய குற்றமும் இல்லை என்பதே. கல்யாணப் பேச்சில் தங்கையின் தலையில் இந்தப் பழியைச் சுமத்துவதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அதில் எங்கே பிசகும் என்பதும் தெரியும். இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எலும்பு மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். குரோமோசோமுக்கான மாதிரி, உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் போகவேண்டும், ஏனென்றால் அணுக்கள் உயிரோடு ஆய்வுக்கூடம் சேர்ந்து அங்கே பிரியவேண்டும். பிரிந்துகொண்டிருக்கும் அணுவில்தான் குரோமோசோம் கண்ணுக்குத் தெரியும். ஒன்றிரண்டு நாள் வளர்த்து, பிரிதலை நடுவில் நிறுத்தி, அணுவை உப்பவைத்து, கண்ணாடித் தகட்டில் விட்டுச் சாயமேற்றி, வழக்கமாக 20 அணுக்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள். இரண்டு அணுக்களிலாவது ஒரே மாற்றம் தெரிந்தால்தான் அது கணக்கில் வரும். குரோமோசோம் தொலைந்திருந்தால் மூன்று அணுக்களில் தெரியவேண்டும். இந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற கண்கள் தேவை. முடிவு வரச் சில நாட்களாகும், ஒரு வாரத்தையும் தாண்டும். ஃபிஷ், பிசிஆர் என்னும் விரைவுச் சோதனைகள் ஓரிரு நாளில் பதில் தரும். ஆனால் நாம் எதைத் தேடச் சொல்கிறோமோ அதை மட்டுமே அவை பார்க்கும். முழுப் படத்தைக் காட்டுவது பழைய குரோமோசோம் பரிசோதனைதான். புதுக் கருவிகளின் மீதுள்ள மோகத்தில் அதைக் கைவிடுவது சரியாகாது.

தவறான குழாயில் எடுத்த மாதிரி, வெயிலில் கிடந்த மாதிரி, உறைந்துபோன மாதிரி எதுவும் உதவாது. முதல் சுற்றுக் கீமோதெரபி தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். மருந்து நோயணுக்களை அழிக்கும்போது நோயின் அடையாளமும் சேர்ந்து அழிகிறது. பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

கடும் லுக்கேமியாவுக்குச் சிகிச்சை தரும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலிருந்தும் மஜ்ஜை மாதிரி ஒரே நாளில் ஒரு குரோமோசோம் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர ஏற்பாடு வேண்டும், அந்தச் செலவு நோயாளியின் தலையில் விழக் கூடாது, ஆட்ரா மாத்திரை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் எப்போதும் இருப்பில் இருக்கவேண்டும். இவற்றை அரசிடம் கேட்கிறேன். வாசகர்களிடம் கேட்பது சிறியது. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ யாருக்காவது கடும் லுக்கேமியா என்று சொல்லப்பட்டால், கீமோதெரபி தொடங்குவதற்கு முன்பே, “மஜ்ஜையைக் குரோமோசோம் டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டீங்களா டாக்டர்?” என்று கேளுங்கள். அறிக்கை வந்ததும் ஒரு நகல் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நோய் திரும்பினாலும், ஊர் மாறினாலும், மருத்துவர் மாறினாலும் அடுத்த மருத்துவர் முதலில் கேட்கும் காகிதம் அதுதான்.